ஆக்டேவியாவின் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் ஆயில் மாற்றம்: பெங்களூருவிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

என்னிடம் இருப்பது 2 லிட்டர் டீசல் எஞ்சினும் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச்) கியர்பாக்ஸும் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா. ஓடோமீட்டர் 1,20,000 கிலோமீட்டரை நெருங்கியதால், கியர்பாக்ஸ் ஆயிலையும் ஃபில்டரையும் இரண்டாவது முறையாக மாற்ற வேண்டிய நேரம் வந்தது. இந்தக் கியர்பாக்ஸுக்கு நிறுவனம் விதித்திருக்கும் இடைவெளி 60,000 கிலோமீட்டர். முதல் முறை சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்துக்கொண்டேன். இம்முறை, அல்சூர் பக்கம் கராஜ் வைத்திருக்கும் தர்மபுரிக்கார அண்ணன் ஒருவரின் லிப்டில், அவர் அருகில் நிற்க, நானே செய்தேன். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் சில்க் போர்டு சந்திப்பையும் டின் ஃபேக்டரி நெரிசலையும் அன்றாடம் கடக்கும் ஒரு வண்டியில், கோளாறு வரும்வரை காத்திருந்து பார்க்கத்தக்க பாகம் அல்ல இது.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் பிறக்கிறது. சாதாரண மேனுவல் வண்டியில் ஒரு கிளட்ச், ஒரு உள்ளீட்டுத் தண்டு. இதில் இரண்டு கிளட்ச்கள், இரண்டு தண்டுகள். உட்புறம் வெறுமையான குழாயாக இருக்கும் ஒரு தண்டின் நடுவே இன்னொரு தண்டு செல்கிறது. என் வண்டியில் உள்ள டிகியூ250 என்ற வகையில், வெளிவட்டக் கிளட்ச் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்களையும் ரிவர்ஸையும் சுமக்கிறது. உள்வட்டக் கிளட்ச் இரண்டு, நான்கு, ஆறு ஆகியவற்றைச் சுமக்கிறது. நாம் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே, நான்காவது அதன் தண்டில் ஏற்கெனவே விழுந்து தயாராக இருக்கும். மாற்ற வேண்டிய நொடியில் ஒரு கிளட்சின் அழுத்தம் இறங்க இறங்க, மற்றொன்றின் அழுத்தம் ஏறுகிறது; சக்கரத்துக்குப் போகும் விசை இடையில் அறுபடுவதில்லை. இந்த எண்ணம் 1930-களின் இறுதியிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரஸ் முன்வைத்தது. போர்ஷே 1980-களில் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்த பிறகு, பொதுமக்கள் வாங்கும் காரில் அது இடம்பெற்றது 2003-இல், கோல்ஃப் ஆர்32 வழியாக. அதில் வந்த பெட்டியும் இந்த டிகியூ250 தான்.

மேனுவல் வண்டியில் நம் இடது கால் செய்யும் வேலையை இங்கே மெக்கட்ரானிக்ஸ் என்ற கட்டுப்பாட்டு அலகு செய்கிறது. கணினியும் ஹைட்ராலிக் வால்வுகளும் சேர்ந்த ஒரே தொகுதி அது. டிகியூ250-இல் அது கியர்பாக்ஸ் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. பல்சக்கரங்களுக்கு மசகு, கிளட்ச் பிளேட்டுகளுக்குக் குளிர்ச்சி, வால்வுகளின் வழியே கியரை நகர்த்தும் அழுத்தம் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே ஆயில் பார்க்கிறது. பிளேட்டுகள் தேயும்போது உதிரும் நுண்துகள் எங்கும் போய்விடுவதில்லை. ஆயிலோடு சுற்றிச் சுற்றி, மயிரிழை இடைவெளியில் நகரும் அந்த வால்வுகளின் வாசலுக்கே வருகிறது. ஃபில்டரும் காந்தமும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. 60,000 கிலோமீட்டர் என்ற கணக்கை நான் இம்மியும் தளர்த்தாததற்கு இதுவே காரணம்.

உலர் கிளட்ச் வகை வேறு கதை, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் 2013-இல் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி, இன்றைய டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா ஆகியவற்றின் 1.5 லிட்டர் எஞ்சினோடு வரும் டிஎஸ்ஜி, ஹூண்டாயும் கியாவும் டிசிடி என்ற பெயரில் தரும் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி ஆகியவற்றில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைவதில்லை. சுற்றியுள்ள காற்றுதான் அவற்றைக் குளிர்விக்கிறது. டாடா ஆல்ட்ராஸில் 2022-இல் வந்த டிசிஏ என்ற இரட்டை கிளட்ச் பெட்டி, என்னுடையதைப் போல ஆயிலில் நனைந்த வகை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் உலர் பெட்டியான டிகியூ200-இன் முறுக்குவிசை வரம்பு 250 நியூட்டன் மீட்டர். என் வண்டியின் டீசல் எஞ்சின் 320 தருவதால், 350 வரை தாங்கும் நனைந்த பெட்டி அதில் வைக்கப்பட்டிருக்கிறது. 2013 நவம்பரில், டிகியூ200 பொருத்திய ஏறத்தாழ 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்து, செயற்கை ஆயிலை வடித்துவிட்டுக் கனிம ஆயில் ஊற்றினார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், அந்தச் செயற்கை ஆயிலால் மின்பகுதியில் கோளாறு வரக்கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் ஊரின் போக்குவரத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். ஆயில் ஜி 052 182 என்ற தரக் குறியீட்டுக்குப் பொருந்த வேண்டும். டப்பாவில் 'எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கும்' என்று போட்டிருப்பது எனக்குப் போதாது. பெட்டியின் மொத்தக் கொள்ளளவு 7.2 லிட்டர் என்றாலும், மாற்றும்போது வெளியே வருவது ஐந்து லிட்டர் சொச்சம்தான். மீதி கிளட்ச்களிலும் கூலரிலும் மெக்கட்ரானிக்ஸிலும் தங்கிவிடும். ஆகவே ஆறு லிட்டர், ஒரு ஃபில்டர், அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர் ஆகியவற்றை வாங்கிக்கொண்டேன். ஜே.சி. ரோடு கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும்; ஆனால் சீல் உடையாத டப்பாவும் பில்லும் தரும் கடையில் மட்டும் வாங்க வேண்டும். கருவிகளில் 24 மி.மீ. சாக்கெட், 14 மற்றும் 8 மி.மீ. அலன் கீ, இறுக்கும் முறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், ஆயில் வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனர் ஆகியவை கட்டாயம். இவற்றில் ஸ்கேனர் இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே கூடாது.

அதற்கான காரணம், இந்தப் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கும் முறையில் இருக்கிறது. இதற்கு டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் கம்பி) கிடையாது. அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினால், அதே துளைக்குள் மேல்நோக்கி நிற்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். ஆயில் அந்தக் குழாயின் உச்சிவரை நிற்பதே சரியான அளவு; கூடுதலாக இருப்பது குழாய் வழியே வழிந்துவிடும். ஆனால் ஆயில் சூடாகும்போது விரிவடைகிறது. எனவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டுமே அளவு பார்க்க வேண்டும். அதைவிடச் சூடாக இருக்கும்போது பார்த்தால், விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வழிந்து, குளிர்ந்த பின் பெட்டியில் ஆயில் குறைவாக நிற்கும். குளிர்ச்சியாக இருக்கும்போது பார்த்தால் அளவு மிகுந்துவிடும். பெங்களூருவில் அதிகாலையில் தொடங்கினால் இந்த வெப்ப இடைவெளி தாராளமாகக் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் சென்னையிலோ வேலூரிலோ நண்பகலில் செய்ய நினைப்பவருக்கு, எஞ்சினைத் தொடங்கும் முன்பே வண்டி அந்த இடைவெளிக்குள் வந்து நிற்கும். அவர் அதிகாலையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டியை இரவே கராஜில் விட்டிருந்தேன். நான்கு கால் லிப்டில் ஏற்றி, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கதவின் அடிச் சட்டத்தில் நீளவாக்கிலும், லிப்டின் குறுக்குச் சட்டத்தில் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்தோம். வண்டி சாய்ந்திருந்தால் குழாயின் உச்சியும் சாய்ந்துவிடும். இரண்டு கால் லிப்டைவிட நான்கு கால் லிப்ட் இதற்கு உகந்தது, ஏனெனில் பின்னால் எஞ்சினை ஓடவிட்டு கியர் நெம்புகோலை நகர்த்தும்போது சக்கரங்கள் தளத்தில் ஊன்றியிருக்கும்.

பேட்டரியையும் அதன் தட்டையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்தால், கியர்பாக்ஸின் மேல்புறத்தில் ஃபில்டரின் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும். சுற்றிலும் படிந்திருக்கும் தூசியைத் துடைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே மூடியில் சாக்கெட் வைக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு மணல் துகள் நேராக வால்வு இருக்கும் அறைக்குப் போகும். மூடியைச் சில சுற்றுகள் தளர்த்தி, பத்து நிமிடம் அப்படியே விட்டால், ஃபில்டரில் நிற்கும் ஆயில் பெட்டிக்குள் இறங்கிவிடும். பிறகு எடுத்தால் எதுவும் வழியாது.

கீழே போய் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் சிறிது ஆயில் மட்டும் வந்து நின்றது. இங்கேயே வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. துளைக்குள் 8 மி.மீ. அலன் கீயை விட்டு, அந்தப் பிளாஸ்டிக் குழாயையும் திருகி எடுத்த பிறகுதான் உண்மையான வடிகால் தொடங்குகிறது. வந்த ஆயில் கறுப்பாக இருந்தது. அதை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டவிட்டு, விரல்களுக்கிடையே தேய்த்து, முகர்ந்தும் பார்த்தேன். "கறுப்பா இருந்தா பயப்படாதீங்க தம்பி, கருகின வாசனை வந்தாத்தான் பயப்படணும்" என்றார் அண்ணன். கருகிய வாசனை இல்லை. விரலில் சாம்பல் நிற மினுமினுப்பு மட்டும் இருந்தது. உரசலாக எதுவும் தட்டுப்படவில்லை.

பழைய ஃபில்டரையும் அறுத்துப் பார்த்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன், ஏனெனில் பெட்டியைத் திறக்காமல் அதன் உள்நிலையை அறிய இதைவிட மலிவான வழி இல்லை. மடிப்பு மடிப்பாக இருக்கும் அதன் தாளை வெட்டி, செய்தித்தாளின் மேல் விரித்து, ஆயில் ஊறி இறங்கும்வரை விட்டோம். மடிப்புகளின் பள்ளங்களில் கறுப்புப் பசை போல ஒரு படலம் இருந்தது. செய்தித்தாளின் அடியில் காந்தம் ஒன்றை நகர்த்தியபோது, அந்தப் படலத்தில் ஒரு பகுதி மட்டும் முள்முள்ளாக எழுந்து காந்தத்தின் பின்னால் போயிற்று, மற்றது அசையவில்லை. எழுந்தது எஃகின் தேய்மானம். அசையாதது பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள். மாவு போன்ற நுண்மையில் இருக்கும்வரை இரண்டும் இயல்பானவை. கண்ணால் எண்ணத்தக்க செதிலோ, பித்தளை நிறத் துணுக்கோ இருந்தால் ஆயில் மாற்றத்தோடு நிறுத்தக் கூடாது. பெட்டியைப் பிரிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். எங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

குழாயைத் திரும்பப் பொருத்தும்போது மிக மெதுவாகக் கை வைக்க வேண்டும். அதற்கு விதிக்கப்பட்ட முறுக்கம் வெறும் 3 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் உடைந்தால் அளவு பார்க்கும் வழியே போய்விடும். ட்ரெயின் போல்ட்டைப் பழைய வாஷரோடு தற்காலிகமாக மாட்டிவிட்டு, மேலே ஃபில்டர் துளை வழியாக, சுத்தமான புனலில் ஐந்தரை லிட்டரை நிதானமாக ஊற்றினோம். அதற்கெனச் செய்யப்பட்ட குழாய் இணைப்பைக் கொண்டு கீழிருந்து ஏற்றுவதே சர்வீஸ் சென்டர் முறை. மேலிருந்து ஊற்றுவதும் பயன் தருவதே, பொறுமைதான் வேண்டும். புதிய ஃபில்டரை, தோள் போல் விரிந்த முனை கீழே இருக்கும்படி இறக்கி, ஓ-ரிங்கில் ஆயில் தடவி, மூடியை 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். பிறகு பேட்டரி முதலானவை இடத்துக்குத் திரும்பின.

அடுத்தது இந்த வேலையின் மையம். என் மைத்துனர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினைத் தொடங்கினார். பி, ஆர், என், டி என்று ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் நிறுத்தி, மீண்டும் பி-க்கு வந்தார். புதிய ஆயில் கிளட்ச்களுக்கும் வால்வுகளுக்கும் சென்று நிரம்புவதற்காக இது. ஸ்கேனரில் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரியாக ஏறுவதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். 38 என்றதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே ட்ரெயின் போல்ட்டை எடுத்தேன். தேன் நிறத்தில் புதிய ஆயில் விரல் பருமனில் இறங்கி, நூலாக மெலிந்து, பிறகு சொட்டத் தொடங்கியது. நூல் அறுந்து சொட்டாகும் அந்தக் கணமே சரியான அளவு. அப்போதே புதிய வாஷரோடு போல்ட்டை மாட்டி, 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி முடித்தேன். போல்ட்டை எடுத்ததும் ஒன்றுமே வராமல் இருந்திருந்தால், ஆயில் குறைவு என்று பொருள். மேலும் ஊற்றி, மீண்டும் அதே வெப்ப இடைவெளியில் பார்த்திருக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை டப்பாக்களில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுத்துச்செல்ல உரிமம் பெற்றவர்களுக்காக அண்ணன் வைத்திருக்கும் பீப்பாயில் சேர்த்தோம். சாக்கடையில் ஊற்றினால் அது போய்ச் சேருமிடம் இந்த ஊரின் ஏரிகளில் ஒன்றுதான். பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி நின்றதைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

பிறகு ஸ்கேனர் வழியாகக் கிளட்ச்களின் அடிப்படை அமைப்பைப் புதுப்பித்தோம். கிளட்ச் எந்த அழுத்தத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை மெக்கட்ரானிக்ஸ் தானே அளந்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பிளேட் தேயத் தேய அந்தப் புள்ளி நகரும், ஆயிலின் தன்மை மாறினாலும் சற்று நகரும். புதுப்பித்த உடனே இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகையில் லேசான அசைவு ஒன்று தெரிந்தது. நிதானமாக எல்லாக் கியர்களிலும் ஏறி இறங்கி ஓட்டிய பிறகு அது மறைந்தது. சிக்னலில் நின்று பிரேக்கை விடும்போது வண்டி நகரத் தொடங்கும் விதம், முன்பிருந்ததைவிடச் சீராகிவிட்டது.

ஆயில் மாற்றுவது பராமரிப்பில் ஒரு பாதி. மறுபாதி ஓட்டும் முறையில் இருக்கிறது. கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் வெப்பம் இல்லை, முழுதாக விட்டிருந்தாலும் ஏறத்தாழ இல்லை. இரண்டுக்கும் நடுவே நழுவும் ஒவ்வொரு விநாடியும் வெப்பமாகிறது, அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்வது ஆயில். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில்), முதல் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்த நிலையில் என் வண்டி ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதைவிட மெதுவாக ஊர்ந்தால் கிளட்ச் நழுவிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஓசூர் சாலை நெரிசலில் முன்வண்டியின் பின்புறத்தை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்வதை நான் விட்டுவிட்டேன். இரண்டு வண்டி நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை உறுதியாக மிதித்து நின்று, பிறகு ஒரே மூச்சில் அந்தத் தூரத்தைக் கடந்து மீண்டும் நிற்கிறேன். பிரேக்கை அரைகுறையாக மிதிப்பதுதான் கெடுதல். உறுதியாக மிதித்தால் மெக்கட்ரானிக்ஸ் கிளட்சை விடுவித்துவிடுகிறது. இடைவெளியில் ஆட்டோவோ பைக்கோ புகுந்துவிடும் என்பது உண்மைதான். புகுந்து போகட்டும்.

மேம்பால ஏற்றங்களில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்துவது, இந்தப் பெட்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. ஆயில் வெப்பம் 138 டிகிரியைத் தாண்டினால் கணினி எஞ்சின் விசையைக் குறைக்கத் தொடங்கும். மேலும் ஏறினால் கிளட்ச்களையே விடுவித்துவிடும். அந்த நிலைக்கு வெகு முன்பே ஆயிலின் ஆயுள் கரையத் தொடங்கியிருக்கும். என் பெட்டியில் முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே கிளட்சின் பொறுப்பு என்பதால், குறுகிய சந்துகளில் முன்னும் பின்னுமாக வண்டியைத் திருப்பும்போது சுமை முழுவதும் அந்த ஒன்றின்மேல்தான் விழுகிறது. வண்டி முழுதாக நின்ற பிறகே திசை மாற்றுவது, அந்தக் கிளட்சுக்கு நாம் தரக்கூடிய சிறு ஓய்வு. கோயம்புத்தூர் போகும்போது திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகையில், மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்துவிடுகிறேன். கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்க, எஞ்சினே வண்டியைத் தடுத்து நிறுத்துகிறது, பிரேக்கும் சூடாவதில்லை. சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட்பிரேக், அதன் பிறகே பி. இந்த வரிசை மாறினால் வண்டியின் எடை முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் பார்க்கிங் கொக்கி ஒன்றின்மேல் தொங்கும்.

இனி நான் கவனிக்க வேண்டியது டூயல் மாஸ் ஃபிளைவீல். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஸ்பிரிங் வைத்து எஞ்சினின் அதிர்வை உறிஞ்சும் இரட்டைச் சக்கரம் அது. அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் ஐடிலில் ஒரு கடகடப்பு எழும். எஞ்சினை அணைக்கும் நொடியில் அது இன்னும் பலமாகக் கேட்கும். பெட்டியின் கோளாறு என்று தவறாக எண்ணி மெக்கட்ரானிக்ஸையே மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு என்பதால், இந்தச் சத்தத்தைத் தனியாக அடையாளம் காணப் பழகிக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். வேலை முடிந்த அன்று, கண்ணாடிகளை இறக்கி, ஏசியை நிறுத்தி, சுவரை ஒட்டி வண்டியை வைத்து எஞ்சினை அணைத்துக் கேட்டோம். சத்தம் சுத்தமாக இருந்தது. ஃபில்டர் மூடியின்மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாற்றம் 1,80,000-இல்.